இங்கே வைஃபை கிடையாது

“போனை அந்த ரொட்டிப் பெட்டியில போட்டுட்டு உள்ள வா கண்ணு. மனசு வரலேன்னா அப்படியே திரும்பிப் போயிடு.”

சாப்பாட்டுக் கடைக்காரி டார்லா சொன்ன தோரணையில் கென்சிக்கு வாசலிலேயே பாதி தைரியம் போய்விட்டது. கதவுக்கு மேலே பலகை வேறு தொங்கியது: ‘இங்கே வைஃபை கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசவும்.’

முன்னால் நின்ற கணவனும் மனைவியும் அந்தப் பலகையோடு சேர்ந்து கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, போன்களைப் பெட்டிக்குள் போட்டார்கள். கென்சியும் போட்டாள். நூலகத்தில் இரவல் வாங்கிய லேப்டாப்பை மட்டும் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பக்கத்து ஊர் நூலகத்தில் ‘சொந்த ஊரிலேயே டிஜிட்டல் தொழில்’ என்று எட்டு வார இலவச வகுப்பு நடத்தினார்கள். வாத்தியார் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு, இந்த அயோவா மாநிலத்துச் சிற்றூர்களில் எப்படிப் பிழைப்பது என்று திரை வழியாகப் பாடம் எடுத்தார். வகுப்பு முடிந்த கையோடு, கென்சி உட்பட அதில் படித்த பதினொரு பேரும் கடைகளுக்கு இன்டர்நெட் விளம்பரம் செய்து தரும் கம்பெனியை ஆளுக்கொன்றாக ஆரம்பித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வலைத்தளம் இல்லாத கடைகள் என்று நூலகம் கொடுத்த பட்டியலில் இருந்தவை மொத்தம் பதினான்கு.

மூன்று மாதமாக அலைந்தும் கென்சிக்கு ஒருவர்கூடச் சிக்கவில்லை. முடிவெட்டுகிறவர், “என் மச்சான் மகனும் இதைத்தான் பண்றேங்கறான்” என்றார். டயர் கடைக்காரர் காலண்டர் அடித்துத் தருவாயா என்று கேட்டார். ஈமச்சடங்கு நிலையத்துக்காரர், “எங்ககிட்ட வர்றவங்க விளம்பரம் பாத்து வர்றதில்லம்மா” என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பட்டியலில் கடைசியாக மிஞ்சியது டார்லாவின் சாப்பாட்டுக் கடைதான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதுவும் அமையாவிட்டால் திங்கள் காலை அம்மாவோடு வான்கோழி இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஆலையின் வாடை அம்மாவின் தலைமுடியை விட்டு ஞாயிற்றுக்கிழமைகூடப் போவதில்லை. நினைத்தாலே கென்சிக்கு அழுகை வந்தது.

கடையில் உட்கார இடமில்லை. சிகாகோவுக்குத் திரும்பிப் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு மேசையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கென்சி டார்லாவின் எதிரே போய் நின்றாள்.

“ஆன்ட்டி, உங்க கடைக்கு ஒரு வலைப்பக்கம் போட்டுத் தரேன். வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆள் வருவாங்க” என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

டார்லா கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு நடுவில், நல்ல வெளிச்சத்துக்கு வந்தாள்.

“உன்கிட்ட யாரு கேட்டா வலைப்பக்கம்? முப்பது வருஷமா இந்த அடுப்பு முன்னாடி நிக்கறேன். என் கடைக்கு அஞ்சு நட்சத்திரமா மூணு நட்சத்திரமான்னு சொல்ல இந்த இன்டர்நெட் யாரு? கறி வெந்துதா வேகலையான்னு அதுக்குத் தெரியுமா? இங்க வர்றவன் எதிர்ல இருக்கறவன் மூஞ்சியப் பாத்துச் சாப்பிடணும். பிடிக்கலேன்னா என் மூஞ்சியப் பாத்துத் திட்டணும். அதுக்குத் துப்பில்லாதவன் வீட்டுலயே கிடக்கட்டும்.”

கடையே கைதட்டியது. ஓர் அம்மாள் கைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கென்சிக்குக் காது வரை சிவந்துவிட்டது.

“அதை மூடிட்டு உக்காரு. முதல்ல சாப்பிடு” என்று டார்லா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி மேல் மாட்டுக்கறி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் தலையிலும் சூடாகக் குழம்பு.

கென்சி சாப்பிட்டாள். எதிரே இருந்த பெண்மணி தன் முழங்கால் அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். கென்சியும் ஒன்று விடாமல் கேட்டாள். முக்கால் மணி நேரம் போன் ஞாபகமே வரவில்லை. மூன்று மாதமாகக் கடை கடையாக விற்க அலைந்தது வெறும் காற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தாலும் மனசு லேசாகிவிட்டது.

தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனாள்.

“ஆன்ட்டி, நீங்க சொன்னதுதான் சரி. லேப்டாப்பை நாளைக்கே நூலகத்துல திருப்பிக் கொடுத்துடறேன். எனக்கு இங்கயே ஒரு வேலை போட்டுக் கொடுங்க. தட்டு கழுவறேன், மேசை துடைக்கறேன், எதுவானாலும் சரி. அந்த ஆலைக்கு மட்டும் என்னால போக முடியாது.”

டார்லா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். சாப்பிடுகிறவர்கள் யாராவது கவனிக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“தட்டு கழுவ மெஷின் இருக்கு கண்ணு” என்றாள் தணிந்த குரலில். “லேப்டாப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துடாதே.”

“ஏன் ஆன்ட்டி?”

“நான் இன்டர்நெட்டைத் திட்டறதை வீடியோ எடுத்து இன்டர்நெட்ல போட்டுட்டிருந்த பொண்ணு, போன வாரம் வேலையை விட்டுட்டா.”