கோணல் வெல்டிங்

நாட்டிலேயே முதன்முதலாகப் பெரியவரின் அப்பா தம் கையால் செய்து, தாமே பந்தயத்தில் ஓட்டிய கார் அது. மியூசியத்தில் வைக்குமுன் அசல்தானா என்று பார்க்க நிபுணர் வந்திருந்தார். பெரியவர் விறைப்பாக நின்றார். பக்கத்தில், பட்டறையை நடத்தும் மருமகள்.

காருக்கடியிலிருந்து நிபுணர் எழுந்து வந்தார்.

"ஐயா, இடதுபக்கச் சட்டத்துல கோணல்மாணலா ஒரு வெல்டிங் இருக்கணுமே?"

"எங்கப்பா வேலையில கோணலா? பாத்துப் பேசுங்க!"

"கோவிச்சுக்காதீங்க. கடைசிப் பந்தயத்துல சட்டம் விரிசல் விட்டிருக்கு. கை வெந்தும் அவரே வெல்டிங் வச்சு, திரும்ப ஓட்டி ஜெயிச்சிருக்கார். பந்தயக் குறிப்புல இருக்கு. அந்த ஒட்டு இல்லேன்னா இதை நகல்னுதான் எழுதணும்."

எவனோ அரைகுறை செய்த வேலை, ஊர் பார்த்தால் அப்பா பேர் கெடும் என்று போன மாதம் அதை அரத்தால் ராவி எடுக்கச் சொன்னதே பெரியவர்தான்.

"என் வாயாலேயே கெடுத்துட்டேன்..." என்றார். "ராவச் சொன்னது நான்தான்."

மருமகள் தொண்டையைச் செருமினாள். "மாமா, திட்டக்கூடாது. ராவினா சட்டம் தாங்காதுன்னு, மேலே பட்டி பூசி பெயின்ட் அடிச்சு விட்டுட்டேன்."

நிபுணர் சுரண்டினார். பட்டி உதிர்ந்தது. கம்பளிப்பூச்சி ஊர்ந்தாற்போல ஒட்டு நெளிந்தது.

"இதேதான்!" என்றார் நிபுணர்.

பெரியவருக்குப் போன உயிர் திரும்பியது. ஆனாலும் விறைப்பை விடவில்லை.

"பெரியவங்க பேச்சை மீறுறது இதோட கடைசியா இருக்கட்டும்!" என்று உறுமியவர், வாழ்க்கையில் முதல்முறையாக மருமகளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.