தலைவருக்குப் போட்ட படுக்கை

“கட்டிலை சன்னல் பக்கம் தள்ளு. தலைவருக்குக் காத்து வேணும்” என்றார் கிளைச் செயலாளர்.

விரல் நீட்டியது அவர். தள்ளியது அவர் மனைவி.

பட்டறையில் அவர் வெல்டர். சங்கத்தில் செயலாளர். நாளைக்குக் கூட்டத்தில் பேச வரும் தலைவர் இன்று அவர் வீட்டில்தான் தங்குகிறார். போன மாதம் அந்தப் பெருமை அதே சங்கத்து மீசைக்காரர் ஒருவருக்குப் போயிருந்தது. அடுத்த வாரம் கிளைத் தேர்தல். எதிர்த்து நிற்பவரும் அதே மீசைக்காரர்தான்.

“மெத்தைக்கு என்ன பண்றது?”

“அதை நான் பாத்துக்கறேன். நீங்க போய்க் கொடி கட்டுங்க.”

போனார். கட்டிவிட்டு வந்தார். முன்னறையைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. கட்டிலில் மெத்தை, மஞ்சள் கோடு போட்ட புது உறையோடு. இரண்டு தலையணை. கால்மாட்டில் மடித்த போர்வை. கை நீட்டினால் தண்ணீர்.

சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள் அவருடைய தங்கை. கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பு போனதிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள்.

“நல்லா இருக்கா அண்ணா?”

“முதலாளி வீட்டுல கூட இப்படி இருக்காது! மீசைக்காரன் வந்து பாக்கட்டும்.”

பார்க்கவும் வந்தார். சாயங்காலம் தலைவரோடு உறுப்பினர்கள் எல்லாரும் முன்னறையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

“உங்களுக்காகவே போட்டது தலைவரே” என்றார் செயலாளர், மீசைக்காரரைப் பார்த்துக்கொண்டே.

“பிரமாதம்ப்பா!” என்று சிரித்த தலைவர், முகம் கழுவ உள்ளே போனார்.

திரும்பி வந்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

“எடுங்க இதை!”

“தலைவரே?”

“தொழிலாளி தரையில கிடக்கும்போது எனக்கு மெத்தையா? உள்ளே கொண்டு போங்கம்மா. இது என் கண்ணுல படவே கூடாது!”

செயலாளரின் மனைவி மெத்தையைச் சுருட்டித் தூக்கிப் போனாள். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தலைவர் போர்வையைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லாருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார்.

“எங்க வீட்டுல மெத்தையிலதானே படுத்தாரு? இன்னொரு தலையணை கூட கேட்டு வாங்கினாரே! வீட்டைப் பாத்துத்தான் கொள்கை வருமோ என்னவோ.”

சிரிப்பு தெருவரைக்கும் போனது.

செயலாளருக்குத் தலை சுற்றியது. மெத்தையில் நாற்றமா? மூட்டைப்பூச்சியா? மஞ்சள் கோடு! எதிர்ச் சங்கத்துக் கொடியில் மஞ்சள் உண்டே!

“ஏன் மஞ்சள்ல தைச்சே?” என்று அடுக்களையில் போய்ச் சீறினார்.

“வீட்டுல இருந்த துணி அதுதான்.”

“அப்போ நம்ம வீட்டு மெத்தையில படுத்தா அவருக்கு ஏதாவது ஒட்டிக்குமா?”

அவள் சோறு வடிக்கத் திரும்பிக்கொண்டாள்.

காலையில் தலைவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

“பேசாம மெத்தையில படுத்திருக்கலாமே தலைவரே?”

“கொள்கைப்பா, கொள்கை” என்று முனகினார் தலைவர். கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழாமலே பேசினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினார். செயலாளரிடம் வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த செயலாளர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உருவி நாற்காலியில் எறிந்தார்.

“நான் தேர்தல்ல நிக்கப் போறதில்ல. ஊரே சிரிக்குது. அந்த மனுஷனுக்கு நான் என்ன குறை வச்சேன்? அதையாவது யாராவது சொல்லுங்களேன்!”

மனைவி போர்வையை உதறுவதை நிறுத்தினாள்.

“ஒரு குறையும் இல்லைங்க. முகம் கழுவ வந்தவரு பின்னறையை எட்டிப் பாத்துட்டாரு. உங்க தங்கச்சி வெறுந்தரையில படுத்திருந்தா. திரும்பிப் படுக்க முடியாம கண்ணுல தண்ணி. ‘உன் படுக்கை எங்கேம்மா?’ன்னு கேட்டாரு. அவ முன்னறைப் பக்கம் கையைக் காட்டினா.”

“என்னது?”

“மெத்தை அவளோடது. உறை மட்டும்தான் புதுசு. ‘அண்ணனுக்கு மரியாதைக் குறைவாயிடும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ன்னு அவரைக் கெஞ்சினா. அதான் அவரு அப்படிக் கத்தினாரு.”

செயலாளரின் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்போ... என் மேல கோபமே இல்ல!”

“இல்ல.”

“எங்க வீட்டுப் பொண்ணுக்காகத் தலைவரு தரையில படுத்திருக்காரு! இதைச் சொன்னா மீசைக்காரன் மூஞ்சியை எங்கே வச்சுக்குவான்? சங்கத்துல இப்பவே எல்லாரும் இருப்பாங்க!”

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“என்னங்க” என்றாள் மனைவி. “போற வழியில பின்னறை இல்லதான். இருந்தாலும், அவ வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.”