குழம்புக்கு மீன்

அடுத்தவர் வலையை அறுத்ததற்காக வைரக்கண்ணு ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று அவன் படகே காலையில் தீர்ப்புச் சொன்னது. எஞ்சின் கிளம்பவில்லை. நாகப்பட்டினத்துக் கரையில் நெத்திலி ஓடும் நேரம். அதில் பிடிப்பதுதான் அவன் வீட்டுக்கு வருஷச் சாப்பாடு.

நேராக அஞ்சப்பனிடம் போனான். அரசியல் சட்டம் மீனவர் வழக்கங்களை ஏற்றுக்கொண்டபோது, ஊர்க் கட்டுப்பாடு அத்தனையையும் படகுகளுக்குள் இருக்கும் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர், அன்று ஊர்த் தலைவராக இருந்த அவர்தான்.

"ஒரு மாசம்னு நீங்கதானே சொல்லி வச்சீங்க, மாமா?"

"அப்பவும் ஒரு மாசம்தான்டா சொல்லுவோம். நாலு நாள் போனதும் ஒங்க அத்த தடை வாங்குனவன் வீட்டுக்குச் சட்டிய எடுத்துக்கிட்டுப் போயி, கொழம்புக்கு மீன் இருக்கான்னு கேப்பா. தலைவர் வீட்டுலேர்ந்தே கேட்டா இல்லேங்க முடியுமா? 'நாளைக்குத் தாரேன்'னு ஒங்கப்பனே ரெண்டு தரம் சொல்லியிருக்கான். மறுநாள் கடல்ல இருப்பான். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டோம்."

"அதையும் சொல்லியிருக்கலாம்ல?"

"கொழம்புக்கு மீன் கேக்குறத எவனாவது சட்டம்னு சொல்லுவானாடா?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கோவிந்தம்மாள் சட்டியோடு வெளியே வந்தாள். கரைக்கு நடந்தாள். வைரக்கண்ணு பின்னாலேயே போனான்.

படகின் முன்னால் நின்று, பழைய குரலில் கேட்டாள்.

"கொழம்புக்கு மீன் இருக்கா?"

"தடை முடிந்ததும் கிடைக்கும், அம்மா" என்றது படகு, மரியாதையாக.

அவள் வெறும் சட்டியோடு திரும்பினாள். வைரக்கண்ணுவால் அவளை அப்படி அனுப்ப முடியவில்லை.

"நாளைக்குத் தாரேன், அத்த" என்றான்.