முடியாத வரையறை

"மேடம், 'ஆலோசனை'ங்கிற சொல்லையே நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் காற்புள்ளி.

போதை மீட்பு இல்லத்தில் பல வருடங்களாக ஆலோசகராக இருப்பவர் அவர். வரிக்கு வரி காற்புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் குழுவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நாட்டில் பாதி ஆலோசகர்கள் அவரிடம் படித்தவர்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர். கண்ணுக்குக் கீழே கருவளையம், குரலில் சத்தே இல்லை.

"போன வாரம் நீங்கதானேப்பா அந்தச் சொல்லே இருக்கட்டும்னீங்க?"

"அப்புறம் யோசிச்சேன். இதைச் செய், அதைச் செய்யாதேன்னு ஆலோசனை சொல்ல ஊர்ல ஆளா இல்லை? நாம காது கொடுக்கிறவங்க மேடம்."

"அப்போ 'காது கொடுப்போர்'னு போட்டுடலாமா? காதுவலிக்காரங்க எல்லாம் வந்து வரிசையில நிப்பாங்க."

"'ஆற்றுப்படுத்துநர்'னு ஒரு சொல் இருக்கே..." என்று காற்புள்ளி இழுத்தார்.

"சண்டையோட வர்ற புருஷன் பொண்டாட்டி அந்தப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விவாகரத்தே ஆயிடும்" என்றார் திருமண ஆலோசகர் அம்மாள்.

தலைவிக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது.

மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்த பள்ளி ஆலோசகருக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு இருந்தவர் மாற்றலாகிப் போனதால் அவரிடத்துக்கு வந்தவர். இன்றுதான் முதல் கூட்டம். ஆலோசகர் என்றால் யார், அவர் என்ன செய்யலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு வரையறை எழுதுவதுதான் குழுவின் வேலை. காலையிலிருந்து ஒரு வரி நகரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று எழுந்தார். "எங்க ஸ்கூல் பொண்ணு ஒருத்தி சரியா சாப்பிடல, தூங்கல. பெத்தவங்க, 'மனநல ஆலோசகர்'னு போர்டு பார்த்து ஒரு ஆள்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. போன வருஷம் வரைக்கும் அந்த ஆள் வீட்டு புரோக்கர். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க, ரூம்ல போட்டுப் பூட்டுங்க'ன்னான். பூட்டியிருக்காங்க. இப்ப அவ ஆஸ்பத்திரியில கிடக்கா."

பள்ளி ஆலோசகர் காற்புள்ளியின் பக்கம் திரும்பினார்.

"போலீஸுக்குப் போனேன். ஆலோசகர்னா யாருன்னு எங்கேயாவது எழுதியிருக்கா, காட்டுங்கங்கிறாங்க. நீங்க இங்க சொல் விளையாட்டு விளையாடிட்டு இருக்கீங்க."

தலைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிழைச்சுக்குவாளா?"

"பிழைச்சுக்குவா மேடம்."

தலைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கே ஓட்டுக்கு விட்டுடலாம்" என்றார் பள்ளி ஆலோசகர்.

"விட்டுடலாம்ப்பா. எனக்கும் அலுத்துப் போச்சு."

காற்புள்ளி திருமண ஆலோசகரைப் பார்த்தார். அவர் உடனே, "அதெப்படி மேடம்? எந்த இடத்துல நாம நிறுத்திட்டு டாக்டர்கிட்ட அனுப்பணும்ங்கிறது இன்னும் தெளிவா இல்லையே. வீட்டுல உட்கார்ந்து அந்தப் பகுதியை ஒரு தடவை திருப்பி எழுதிட்டு வாங்களேன்" என்றார்.

"எத்தனை தடவைடி எழுதறது?"

"உங்களை விட்டா யார் மேடம் எழுதுவா?"

தலைவி பெருமூச்சு விட்டார். "உங்களோட மல்லுக்கட்டியே என் ஆவி போயிடும்." முனகிக்கொண்டே காகிதங்களைப் பைக்குள் திணித்தார். "வியாழக்கிழமை எழுதிட்டு வர்றேன். அன்னைக்கு எவனாவது காற்புள்ளின்னு வாயைத் திறக்கட்டும், இருக்கு அவனுக்கு."

திருமண ஆலோசகர் தலைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

வெளியே வராந்தாவில் பள்ளி ஆலோசகர் காற்புள்ளியை மறித்தார்.

"சார், ஒரு பொண்ணோட உயிரைவிட உங்க காற்புள்ளி பெரிசாப் போச்சா?"

காற்புள்ளிக்குக் கோபம் வரவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அவர் முகத்திலும் களைப்பு அப்பிக் கிடந்தது.

"அரசாங்கம் இதைக் கையில எடுக்கப்போறது வருஷக் கடைசியிலதான் தம்பி. இப்ப அனுப்பினாலும் அதுவரைக்கும் ஏதாவது இழுப்பறையிலதான் தூங்கும். கெடு தாண்ட விடமாட்டோம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது."

"அதுக்காக நாம இங்க உட்கார்ந்து தூங்கணுமா? பாவம், அந்தம்மாவைப் பாருங்க. வாராவாரம் எழுத வச்சு வறுத்தெடுக்கறீங்க. இன்னும் உங்களுக்கு என்னதான் சார் பிடிக்கல?"

"எனக்கு எல்லாம் பிடிச்சிருக்கு. குழுவுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அவங்களுக்குத் தெரியாம நாங்க போன்லயே பேசி ஒத்துக்கிட்டு மூணு மாசம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு சார் இந்த இழுபறி?" என்றார் பள்ளி ஆலோசகர். கீழே தலைவியின் கார் கிளம்பியது. அது வளைவில் திரும்பி மறையும்வரை காற்புள்ளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ஒரே பையன், போன வருஷம் தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டான். எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவங்க, எங்க யார்கிட்டேயும் வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வர்றதே இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் தம்பி."

பள்ளி ஆலோசகர் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். "வியாழக்கிழமை நான் எந்த வரியை எதிர்க்கணும் சார்?" என்று கேட்டார்.