சீல் பிரிக்காத கேபினட்

தாம்பரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் காஜாவுக்கு ஒரு வழக்கம். கேபினட்டின் பக்கத்தகட்டுக்கு உட்புறம் வாடிக்கையாளர் பெயரை மார்க்கரால் எழுதிவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொடுவார்.

அன்று சிட்லபாக்கத்திலிருந்து வந்த சவுரிமுத்து சாருக்காகப் புது கேபினட்டின் சீலைப் பிரித்தார். தகடு நல்ல கனம். சி.டி. டிரைவுக்கு இரண்டு அறை, விசிறிக்குத் தாராளமாக இடம். உள்ளே, ஏற்கெனவே, காஜாவின் கையெழுத்து: ‘அய்மான், ஐந்தாம் வகுப்பு.’

மனைவி ஹஃபீசாவுக்கு இது ஏழாம் மாதம். முந்தைய இரண்டும் தங்கவில்லை. பையன் பிறந்தால் வைக்கலாமென்று அந்தப் பெயரை நேற்றுதான் இருவரும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

எழுத்தின்மேல் பல வருஷத்துத் தூசி படிந்திருந்தது. காஜா துடைக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு, இதையே போட்டுடுங்க” என்றார் சார்.

காஜா தகட்டை மூடினார்.

“வேற காட்டுறேன் சார். இது எம்பையனோடது.”