இடுப்புப் பட்டை

"இடது கால்தாம்மா வம்பு பண்ணுது" என்று நர்ஸ் பௌலினா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு.

ஹெர்மினியா பச்சையை எதிர்பார்த்திருந்தாள். எழுபத்தொன்பது வயதில் பச்சை வந்தால்தான் வால்பரைசோவில் இந்தக் குன்று வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் மகன் நெல்சன் வந்து, வீட்டை விற்று, அவளைத் தலைநகர் சாந்தியாகோவுக்கு அழைத்துப்போய் ஒன்பதாவது மாடியில் உட்கார வைத்துவிடுவான்.

பட்டையை ஏற்பாடு செய்ததும் அவன்தான். இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. நடையை அளந்து, ஆள் விழுவாரா மாட்டாரா என்று முன்கூட்டியே சொல்லிவிடுமாம். விழுந்தபின் சொல்ல ஊரே இருக்கிறது, அதற்குக் கருவி எதற்கு என்று ஹெர்மினியா அன்றைக்குக் கேலி செய்திருந்தாள்.

இப்போது கேலி வரவில்லை.

"வயசானா நடை ஆடத்தானே செய்யும்?"

"இது வயசுக் கோளாறு இல்லம்மா. சமதரையிலயே இடது பாதம் இழுபடுது. வாரத்துக்கு வாரம் மோசமாயிட்டே வருது. நரம்புல ஏதோ இருக்கணும், உடனே டாக்டரப் பார்க்கணும். அதுவரைக்கும் ஸ்டூல்மேலகூட ஏறிடாதீங்க. எப்ப வேணாலும் கால் வாரி விட்டுடும்."

"மிஷின் தப்பா சொல்லியிருக்காதா?"

"ரெண்டு தடவ சரிபார்த்துட்டேன்."

நெல்சன், ஒன்பதாவது மாடி, வீடு எல்லாம் ஹெர்மினியாவின் நினைவிலிருந்து எங்கோ போய்விட்டன.

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே மகள் யாஸ்னா ஏணியின் உச்சியில் நின்று, பக்கத்து வீட்டுத் தகரச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பிழைப்பு. ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ். ஏணி நின்றது தெருப்படிக்கட்டின் ஓரத்தில். அதைத் தாண்டினால் பள்ளம்தான்.

ஹெர்மினியா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"அம்மா, உட்காருங்க! தனியா நடக்காதீங்க!"

அவள் நடக்கவில்லை, ஓடினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் வாசற்படிகளில் இறங்கினாள். கிழவி இதோ விழப்போகிறாள் என்று பதறிக்கொண்டு நர்ஸ் பின்னால் ஓடி வந்தாள். ஹெர்மினியா ஒரு படியில்கூடத் தடுமாறவில்லை.

கத்திக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் மகள் திரும்பிப் பார்ப்பாள். பயத்தில் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கினாள்.

ஏணிக்காலை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஏணி அசைந்ததும் யாஸ்னா கீழே குனிந்து பார்த்தாள். வாசலில் நின்ற நர்ஸ் அவள் கண்ணில் படவில்லை.

"என்னம்மா, ரிசல்ட் வந்திடுச்சா? உனக்குப் பதிலா மூணு வாரம் அந்தக் கண்றாவியக் கட்டிட்டுத் திரிஞ்சேனே, பாஸ்தானே? நெல்சன்கிட்ட சொல்லு, எங்கம்மா ஆடு மாதிரி குன்று ஏறுவான்னு!"

ஹெர்மினியா நிமிர்ந்து பார்த்தாள். யாஸ்னாவின் ஷூக்கள் அவள் தலைக்கு மேலே இருந்தன. இடது ஷூவின் முனை மட்டும் தேய்ந்து, உள்ளே சாக்ஸ் தெரிந்தது. இத்தனை நாளும் ஒரே மேஜையில் சாப்பிட்டும் இதைப் பார்க்காமல் போனோமே என்று ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

நர்ஸ் வாசலிலேயே ஒரு கணம் நின்றாள். பிறகு சத்தமில்லாமல் வந்து, ஏணியின் அடுத்த காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கி வாடி கண்ணு" என்றாள் ஹெர்மினியா. குரலை எப்படியோ நிதானமாக வைத்துக்கொண்டாள். "டீ போட்டிருக்கேன். மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல."

"இதென்ன, ஒரு ஏணிக்கு ரெண்டு பேர் காவலா?"

யாஸ்னா வாளியைக் கொக்கியில் மாட்டினாள். சீட்டியடித்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தாள்.