இறங்கும் கேட்

அமெரிக்காவின் சுகர் லேண்ட் நகரில் ஹேமலதாவும் ஸ்ம்ருதியும் ஒரே ரயில் கம்பெனியில் சிக்னல் எஞ்சினியர்கள். ஆபீஸ் போகும் வழியில் ஒரு லெவல் கிராசிங். ஹேமலதாவின் கார் வந்தால் மட்டும், ரயிலே இல்லாமல் கேட் இறங்கிவிடும். சென்சார், ரிலே எல்லாவற்றையும் அவளே சோதித்தாள்; கோளாறே இல்லை. தினமும் நேரத்துக்கு வந்த ஸ்ம்ருதிக்கு ப்ரமோஷன் கிடைத்தபோது, தினமும் கேட்டில் நின்று தாமதமான ஹேமலதாவுக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு ஒரு நாள்கூட கேட் விழுந்ததில்லையே! நாளைக்கு என் கார்ல வாங்க, ஹேமா" என்றாள் ஸ்ம்ருதி.

மறுநாள் சேர்ந்து போனார்கள். கேட் அசையவில்லை. தண்டவாளத்தைக் கடந்ததும் பின்னால் மணி அடித்தது.

"பாத்தீங்களா, என் லக்!" என்று ஸ்ம்ருதி சிரித்தாள்.

ஹேமலதா திரும்பிப் பார்த்தாள். இறங்கிய கேட்டுக்கு அப்பால், அவள் வீட்டில் விட்டு வந்த கார் நின்றது. உள்ளே ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி இன்னொரு ஹேமலதா, போகிற இருவரையும் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.